மூன்று ஸ்டாரும் ஏழு ஸ்பூனும்

கேள்வி: என் மகள் பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் யூகேஜி படிக்கிறாள். வயது நான்கு வருடம் பத்து மாதம். இந்த வருடம் வகுப்பில் ஆளுக்கொரு டேப் கொடுத்திருக்கிறார்கள். தினமும் ஒரு பீரியட் தமிழ், ஒரு பீரியட் கணக்கு அதில்தான். வாரா வாரம் வரும் ரிப்போர்ட்டில் எல்லாவற்றிலும் மூன்று ஸ்டார். அவள் அப்பாவுக்கு ஒரே பெருமை. போன வாரம் வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தபோது, "ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வா" என்றேன். ஒரு பிடி அள்ளிக்கொண்டு வந்து கொடுத்தாள். நூறு வரை கடகடவென்று சொல்கிற பிள்ளை! டேப்பில் 'அ' அழகாக எழுதுகிறாள். சிலேட்டைக் கொடுத்தால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிக்கிறாள். என் மாமியார், அந்தக் கண்ணாடிப் பலகையே வேண்டாம் என்கிறார். பள்ளியிலோ வீட்டுப் பயிற்சிக்கு ஒரு டேப்பும் ஒரு வருடச் சந்தாவும் வாங்கச் சொல்லிப் படிவம் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். வாங்கலாமா? என் மகளுக்கு ஏதாவது குறையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளுக்குக் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நூறு வரை சொல்லும் பிள்ளை ஏழு கேட்டால் ஒரு பிடி அள்ளி வருவதை எல்கேஜி, யூகேஜி வகுப்புகளில் இருபத்தாறு வருடமாகப் பார்த்து வருகிறேன். டேப் இல்லாத காலத்திலும் அப்படித்தான் அள்ளி வந்தார்கள். உங்கள் வீட்டில் புதிதாக இருப்பது, ரிப்போர்ட் ஒன்று சொல்வதும் ஸ்பூன் வேறொன்று சொல்வதும்தான். நீங்கள் ஸ்பூனை நம்பினீர்கள். அதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

எண்ணுவது என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். பிள்ளைக்கு அதற்குள் பல வேலைகள் இருக்கின்றன. ரோஷெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978இல் அதை ஐந்து விதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். உங்கள் வீட்டு விஷயத்துக்கு மூன்று போதும். எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். இது உங்கள் மகளுக்கு வந்துவிட்டது. ஒரு பொருளைத் தொட்டால் ஒரு எண்தான் சொல்ல வேண்டும். எதையும் விடக் கூடாது, எதையும் இரண்டு முறை தொடக் கூடாது. அப்புறம், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். நமக்கு இது சொல்லவே தேவையில்லாத சங்கதி. நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிய கண்டுபிடிப்பு. சில பிள்ளைகளுக்கு மூன்றரை வயதில் புரிகிறது, சிலருக்கு ஐந்தை நெருங்கும்போது புரிகிறது.

இன்று சாயங்காலமே பார்த்துவிடலாம். ஐந்து புளியங்கொட்டையை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். ஐந்து என்று முடித்ததும், "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். உடனே "அஞ்சு" என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டாள். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தால் மூன்றாவது விதி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு, "எனக்கு நாலு கொட்டை கொடு" என்று கையை நீட்டுங்கள். இருப்பதை எண்ணுவதைவிடக் கேட்டதை எண்ணி எடுத்துத் தருவது கடினம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே எண்ண வேண்டும் அல்லவா? உங்கள் மகள் ஸ்பூன் டப்பா முன்னால் தடுமாறியது இந்த இடத்தில்தான். நாலு சரியாக வந்தால் ஐந்து கேளுங்கள், வராவிட்டால் மூன்று கேளுங்கள். தப்பாக வந்தால் திட்டாதீர்கள், திருத்தவும் அவசரப்படாதீர்கள். "சரி, சேர்ந்து எண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும்.

இப்போது டேப்பில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். திரையில் ஏழு மாம்பழம். பிள்ளை ஒன்றைத் தொட்டால் அது குதித்துக் கூடைக்குள் விழுகிறது, உள்ளிருந்து ஒரு குரல் "ஒன்று" என்கிறது. தொட்ட பழம் கூடைக்குள் போய்விட்டதால் அதை இரண்டாம் முறை தொட வழியில்லை. விட்டுப்போன பழம் ஆடி ஆடிக் கூப்பிடுகிறது. ஏழாவது விழுந்ததும் பெரிய '7' வந்து கைதட்டல் கேட்கிறது. ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பதையும், எங்கே நிறுத்துவது என்பதையும், மொத்தம் எத்தனை என்பதையும் ஆப் செய்துவிட்டது. உங்கள் மகள் செய்தது தொட்டது மட்டும். ஸ்பூன் தானாகக் குதிக்காது, குரல் கொடுக்காது. அங்கே தப்புப் போட இடம் இருக்கிறது. ஒன்றை இரண்டு முறை தொட்டு, குழம்பி, திரும்ப ஆரம்பித்து, அப்படித்தான் அந்த விதி கைக்கு வருகிறது.

இதை நான் பாடப் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நான் வேலை பார்த்த பள்ளிக்கு முதல் முறையாக டேப் வந்தது. நான்தான் முன்னால் நின்று ஆர்வமாகக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் ஒரு பையன், பேச்சுக் குறைவு. தாளில் எழுத்தைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வான். ஆனால் டேப்பில் எழுத்துப் பாடங்களை வரிசையாக முடித்துக்கொண்டே போனான். "தமிழ் எழுத்துகள் நன்றாக அறிந்திருக்கிறான்" என்று அவன் ரிப்போர்ட் கார்டில் என் கையாலேயே எழுதினேன். மூன்று மாதம் கழித்து, ஒரு மழை நாளில் வகுப்புக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி வந்த உடனே ஏதோ ஒன்றைத் தொடுவான். தப்பு. இன்னொன்றைத் தொடுவான். தப்பு. இரண்டு தப்புக்குப் பிறகு சரியான விடை மினுக்கும்படி அந்த ஆப்பைச் செய்திருந்தார்கள். மினுக்குவதைத் தொடுவான். அடுத்த கேள்வி. அவன் எழுத்தைப் பார்க்கவே இல்லை. மினுக்கலுக்காகக் காத்திருந்தான். ஆப்பில் "முடித்தான்" என்று பதிவானது, நானும் முடித்தான் என்று நம்பினேன். அவன் கெட்டிக்காரன், விளையாட்டின் விதியைச் சரியாகப் பிடித்துவிட்டான். மூன்று மாதம் நான் பக்கத்தில் உட்காராததற்கு அவன் என்ன செய்வான்? அந்தப் பிழை என்னுடையது. இன்றும் எந்த ரிப்போர்ட்டில் ஸ்டாரைப் பார்த்தாலும் அந்த விரல்தான் என் நினைவுக்கு வருகிறது.

அதனால் ஒரு நாள் வகுப்புக்குப் போய்ப் பத்து நிமிடம் உங்கள் மகள் விரலைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மிஸ்ஸிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். டேப்பில் 'அ' வருகிறது, சிலேட்டில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் இதே கதைதான். திரையில் புள்ளி புள்ளியாக 'அ' இருக்கும், எங்கே தொடங்குவது என்று அம்புக்குறி காட்டும், விரல் கொஞ்சம் விலகினாலும் பொறுத்துக்கொள்ளும், கடைசியில் வண்ணம் நிரம்பிய அச்செழுத்தாக மாற்றிக் காட்டும். பிள்ளை அந்த வழியில் நடந்தாள். வழி அவள் மனதில் பதியவில்லை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தின் கரின் ஜேம்ஸ் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள். சில எழுத்துகளைத் தாங்களே தாளில் எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் எழுதினார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, வாசிப்புக்கான பகுதிகள் சுறுசுறுப்பானது சொந்தமாக எழுதிய எழுத்துகளுக்குத்தான். புள்ளிக்கோட்டின் மேல் எழுதியதற்கு அந்தப் பலன் இல்லை. சின்ன ஆய்வுதான். ஆனால் வகுப்பில் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. கோணல்மாணலாக, பெரிதும் சிறிதுமாக, தலைகீழாகக்கூட எழுதி எழுதித்தான் எது மாறலாம், எது மாறக் கூடாது என்று பிள்ளைக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அ' எழுதுவதற்கு எளிதான எழுத்தே கிடையாது. சுழி, வளைவு, கோடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அரிச்சுவடியில் முதலில் வருவதால் முதலில் எழுத வைக்கிறோம், அவ்வளவுதான். வாயால் அ, ஆ, இ, ஈ சொல்லட்டும், பாடட்டும். கைக்கு ட, ப, ம கொடுங்கள். 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்று கோடு. 'ம' கொஞ்சம் வளைகிறது. இந்த மூன்றும் தலையில் ஒரு புள்ளியும் வந்துவிட்டால் படம், மடம், பட்டம் எல்லாம் வாசித்துவிடலாம். (சென்னைப் பிள்ளைக்குப் பட்டம் என்றால் புரியாமல் போகலாம். "நம்ம காத்தாடிதான்" என்று சொல்லிவிடுங்கள்.) இருநூற்றுச் சொச்சம் எழுத்து ஒப்பிக்கும் பிள்ளையைவிட, நாலு எழுத்தை வைத்துத் தானாக ஒரு சொல்லை வாசித்த பிள்ளையின் முகம் வேறு மாதிரி இருக்கும். அதை நீங்கள் பார்க்க வேண்டும்.

வேகமும் வேண்டாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து. நமக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. கன்னடம் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், அந்த எழுத்து முறை முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டியிருந்தார். கன்னடத்தில் இருப்பது போன்ற கூட்டெழுத்துச் சிக்கல் நமக்கு இல்லை. ஆனாலும் யூகேஜி முடிவதற்குள் 247ஐயும் திரையில் தேய்த்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. உயிரெழுத்துகளும் ஏழெட்டு மெய்களும் உறுதியாகத் தெரிந்தால் யூகேஜிக்குத் தாராளம்.

உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது. ஆனால் நாம் வாயில் முதலில் சொல்வது ப், பிறகுதான் எ. கண் ஒரு வரிசையில் போகிறது, காது வேறு வரிசையில் கேட்கிறது. 'பூ' இன்னொரு மாதிரி: உகரமும் ஊகாரமும் மெய்யைப் பொறுத்து வேறு வேறு உருவம் எடுக்கின்றன. கு, சு, து, பு நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், தெரியும். நான் பார்த்த ஆப்களில் பெரும்பாலானவை இதைச் சொல்லித் தருவதில்லை. அ என்றால் அம்மா படம், ஆ என்றால் ஆடு படம். பிள்ளை ஆட்டைப் பார்த்து "ஆ" என்கிறது, நாம் எழுத்தைப் படித்துவிட்டது என்று மகிழ்கிறோம். படத்தைக் கைக்குட்டையால் மூடிவிட்டு ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மருந்து தெருவிலேயே இருக்கிறது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி பஸ்ஸின் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். பெரம்பூரிலும் 'பெ', பெசன்டிலும் 'பெ'. ரயில் நிலையப் பலகையில் மேலே தமிழ் இருக்கும். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் நிலையப் பலகையில் 'லோகோ' என்ற சொல்லில் இரண்டு எழுத்துக்கும் முன்னால் கொம்பு, பின்னால் கால். பிள்ளை அதைத் தானே கண்டுபிடிக்கட்டும். விஜயதசமிக்கு அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுத வைப்பதை ஒரு நாள் சடங்கோடு நிறுத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் தாம்பாளத்தில் ரவையோ கோலமாவோ பரப்பி 'ட' எழுதட்டும், கலைக்கட்டும், மறுபடி எழுதட்டும். முதல் தடவை உங்கள் விரலைப் பார்த்து எழுதலாம், மூன்றாவது தடவை பார்க்காமல் எழுத வேண்டும். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி விரலால் தடவ வைத்த மரியா மாண்டிசோரி, 1939இல் நம் அடையாறுக்கு வந்து பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சென்னையில் இன்றைக்கும் சில வகுப்பறைகளில் அந்த உப்புத்தாள் எழுத்துகள் இருக்கின்றன. விரலில் சொரசொரப்பு படுவது ஒரு பாடம். கண்ணாடியில் எல்லா எழுத்தும் ஒரே வழவழப்பு.

கணக்குக்கு உங்கள் மாமியாரைக் கேளுங்கள். பல்லாங்குழிப் பலகை பரணில் இருந்தால் இறக்குங்கள், இல்லாவிட்டால் முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து கொட்டை. ஒவ்வொரு குழியிலும் ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு போக வேண்டும். மேலே இரண்டாவதாகச் சொன்ன விதி இதுதான். குழியில் நாலு சேர்ந்ததும் "பசு" என்று எடுத்துக்கொள்ள வேண்டும். யார் முதலில் பார்க்கிறாரோ என்ற பரபரப்பில், எண்ணாமலே நாலைக் கண்டுபிடிக்கப் பிள்ளை பழகிவிடுகிறது. சின்ன எண்ணிக்கையைப் பார்த்த உடனே அறியும் இந்தத் திறன் பின்னால் கூட்டலுக்கு முதுகெலும்பு. முழு ஆட்டமும் வேண்டாம், ஏழு குழியில் ஆரம்பியுங்கள். தட்டு வைக்கும் வேலையையும் அவளிடம் கொடுங்கள்: ஆளுக்கு ஒரு தட்டு, ஆளுக்கு இரண்டு இட்லி. யாருக்காவது இட்லி வரவில்லை என்றால் அவர்களே சொல்லிவிடுவார்கள், நீங்கள் திருத்த வேண்டியதில்லை. வாசலில் கோலத்துக்கு ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைக்கும்போது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் தமிழில் எண்ணட்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் இது கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. பதிமூன்று என்ற சொல்லிலேயே பத்தும் மூன்றும் இருக்கின்றன. இருபது என்றால் இரண்டு பத்து, முப்பது என்றால் மூன்று பத்து. லெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் டேப்பின் சின்ன ஸ்பீக்கரில் ஒரே மாதிரி கேட்கின்றன. நமக்கு ஒன்பதும் தொண்ணூறும்தான் வரிசையில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மற்றபடி இடமதிப்பை மொழியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பதிமூணு என்றே சொல்லட்டும், பேச்சு வழக்கு பரவாயில்லை. பத்துக் கொட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டு, மூன்றை வெளியே வைத்துக் காட்டுங்கள். பள்ளியில் ஆங்கிலத்தில் கேட்டால் அதையும் சொல்வாள், பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் நான் டேப்புக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். தான்சானியாவில் 170 கிராமங்களில், பெரும்பாலும் பள்ளியே போகாத பிள்ளைகளுக்கு டேப் கொடுத்து, கற்றல் செயலிகளுக்கான ஒரு போட்டிக்காக 15 மாதம் சோதனை செய்தார்கள். ஆசிரியர் இல்லாமலே ஸ்வாஹிலியில் பல பிள்ளைகள் வாசிக்க ஆரம்பித்தார்கள். அந்தப் போட்டியின் பரிசை 2019இல் இரண்டு செயலிகள் பகிர்ந்துகொண்டன. அது பொய்யில்லை. ஆனால் அங்கே டேப் நின்றது ஆளில்லாத இடத்தில். உங்கள் மகளுக்கு மிஸ் இருக்கிறார், நீங்கள் இருக்கிறீர்கள், பாட்டி இருக்கிறார். எனக்கு அதைவிடப் பிடித்த ஆய்வு சிகாகோவில் 587 முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் நடந்தது, 2015இல் வெளியானது. ஐபேடில் ஒரு சின்னக் கணக்குக் கதை வரும். பெற்றோர் அதை வாசித்து, தூங்கும் முன் பிள்ளையோடு பேச வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை செய்தவர்கள் வீட்டில்கூடப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். கணக்கென்றாலே பயப்படும் பெற்றோரின் பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன். கதையைக் கொடுத்தது கருவி, பேசியது அப்பாவும் அம்மாவும். பெருமைப்படும் உங்கள் கணவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். இரவு பத்து நிமிடம், வீட்டில் இருக்கும் போன் போதும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர் வாசிக்கட்டும், அவள் பக்கம் புரட்டட்டும். "இந்தப் படத்துல எத்தனை காக்கா?" என்று இடையில் ஒரு கேள்வி.

வகுப்பிலும் டேப்பால் உருப்படியாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன. நான் இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது கேமராவையும் ஒலிப்பதிவையும்தான் முதலில் திறக்கச் சொல்கிறேன். பள்ளி வளாகத்தில் 'ம'வில் ஆரம்பிக்கும் மூன்று பொருளைப் படம் எடுத்து வா: மரம், மணி, மண். இரண்டு பேருக்கு ஒரு டேப். யார் எடுப்பது, எது 'ம', எது இல்லை என்று சண்டை போட்டுப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இரண்டு பேருக்கு ஒன்று. ஆளுக்கொன்று கொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். பார்வையிட வருபவர்களுக்கு அது அழகாகத் தெரியும். யூகேஜி வகுப்பு முக்கால் மணி நேரம் அமைதியாக இருந்தால் எனக்குக் கவலை வரும்.

மிஸ்ஸிடம் என்ன பேசுவது? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள், அங்கே எல்லாம் சண்டையாக முடியும். நேரில் போங்கள். டேப் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு பீரியடில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். மணல், களிமண், பாட்டு, கட்டைகள் போய் அந்த இடத்துக்கு டேப் வந்திருந்தால் அது பெரிய இழப்பு, அதைச் சொல்லத்தான் வேண்டும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் மிஸ் வகுப்பில் எதை மாற்றுகிறார் என்றும் கேளுங்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே மதிப்பீட்டைப் பதிவு செய்யும் செயலி ஆசிரியர் கையில் இருக்கிறது, பிள்ளை கையில் ஆட்டம், பாட்டு, அட்டைகள். உங்கள் பள்ளி மிஸ்ஸும் ஒருவேளை இதையே விரும்பலாம். முப்பது பிள்ளை, ஒரு உதவியாளர், மேலிருந்து வரும் நெருக்கடி. அவரைக் குற்றம் சாட்டும் குரலில் மட்டும் பேசிவிடாதீர்கள். ஸ்பூன் கதையைச் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முதல் ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் நான்கு வயது வரை அதையேதான் சொன்னது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தது. உங்கள் மகளுக்கு வகுப்பிலேயே இரண்டு பீரியட் போய்விடுகிறது. டிவியும் போனும் சேர்ந்தால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். சாயங்காலம் வெயில் தணிந்ததும் வெளியே விடுங்கள். கண்ணுக்கும் அது நல்லது.

ஆறு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். தினமும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், ஒரு நாள் விட்டுப்போனால் போகட்டும். அதற்குப் பிறகும் மூன்று பொருளைக்கூட எண்ணித் தர முடியவில்லை, சொன்னதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், பேச்சு தெளிவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை காட்டிக் காது, கண் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இருந்தாலும் இதே கேள்வி மனதில் இருக்கும் வேறு பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

படிவத்துக்கு வருகிறேன். வாங்க வேண்டாம். பள்ளியில் அவள் தொடும் அதே ஆப்பை வீட்டிலும் அரை மணி தொடுவதால் அவளுக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது, வீட்டுப் பேச்சுக்கான நேரம்தான் குறையும். மற்றப் பிள்ளைகள் எல்லாம் வாங்கிவிட்டார்களே என்று தயங்காதீர்கள். வெள்ளிக்கிழமை படிவத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, "வீட்டில் பல்லாங்குழி ஆடுகிறோம், சிலேட்டில் எழுதுகிறோம், வாரம் ஒரு பக்கம் மிஸ்ஸுக்குக் காட்டுகிறோம்" என்று கீழே உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். முதல் வாரம் அவள் எழுதிய 'ட' எவ்வளவு கோணலாக இருந்தாலும் அழித்து எழுத வைக்காமல் அப்படியே அனுப்புங்கள்.